லோரா ரேடியோ லைப்ரரியைப் புது ப்ராஜெக்டில் சேர்த்தேன்: கம்பைல் ஆகிறது, ரேடியோ பதில் சொல்லவில்லை

தேனரசு

வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். யாராவது வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து கீழே வீட்டுக்குள் அனுப்பும் ஒரு சின்னக் கருவி செய்கிறேன். ரேடியோ, லோரா என்ற குறைந்த சக்தி நெடுந்தூர முறையில் பேசும் ஆர்எஃப்எம்95 மாட்யூல், உள்ளே எஸ்எக்ஸ்1276 சிப், 868 மெகாஹெர்ட்ஸ். முதலில் இரண்டு பக்கமும் அர்டுயினோ உனோ வைத்து, நடுவில் 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் லெவல் ஷிஃப்டர் போட்டுச் செய்து பார்த்தேன். ஒரு லைப்ரரியை (ரேடியோவோடு பேச யாரோ எழுதி வைத்த நிரல் தொகுப்பு) இறக்கி, அதிலேயே இருந்த எடுத்துக்காட்டை ஏற்றினேன். பத்து நிமிடத்தில் பேசிக்கொண்டன.

ஆனால் மாடியில் இருக்கிற பக்கம் பேட்டரியில் ஓட வேண்டும். அதற்காக அந்தப் பக்கத்தை மட்டும் எஸ்டிஎம்32எல்072 சிப்புக்கு மாற்றுகிறேன். க்யூப் ஐடிஇ-யில் (எஸ்டிஎம் சிப்புக்கு நிரல் எழுதும் மென்பொருள்) புது ப்ராஜெக்ட் தொடங்கி, எஸ்பிஐ (சிப்பும் ரேடியோவும் பேசிக்கொள்ளும் இணைப்பு), கடிகாரம், சீரியல் எல்லாம் அமைத்துவிட்டேன். எல்ஈடி மின்னுகிறது, சீரியலில் எழுத்து வருகிறது. அப்புறம் உனோவில் ஓடிய அதே லைப்ரரியின் ஃபோல்டரைத் தூக்கி உள்ளே போட்டேன். திரை முழுக்கப் பிழைகள். அர்டுயினோ ஹெடர் ஃபைல் இல்லை என்றது. நானே அந்தப் பெயரில் ஒரு போலி ஹெடர் எழுதி, டிஜிட்டல் ரைட், டிலே, மில்லிஸ் எல்லாவற்றையும் எஸ்டிஎம் பக்கத்துச் செயல்பாடுகளுக்குத் திருப்பிவிட்டேன். எஸ்பிஐ-க்கும் ஒரு போலி வகுப்பு எழுதினேன். பிழைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, நேற்று இரவு கம்பைல் முழுசாக முடிந்தது.

ரேடியோவைத் தொடங்கும் செயல்பாடு மட்டும் 'இல்லை' என்றே திரும்புகிறது. எப்போது கேட்டாலும் அதே பதில்.

வயர்களை மூன்று முறை சரிபார்த்தேன். மாட்யூலுக்கு 3.3 வோல்ட் சரியாகப் போகிறது. இன்னொரு மாட்யூல் மாற்றியும் பார்த்தேன், அதே கதை. ஆண்டெனாவுக்கு 17 செ.மீ. கம்பி சால்டர் செய்திருக்கிறேன். எஸ்பிஐ மாஸ்டர், இருவழி, 8 பிட், மோடு 0, 32 மெகாஹெர்ட்ஸை 8 ஆல் வகுத்து 4 மெகாஹெர்ட்ஸ். என்எஸ்எஸ் பின்னை ('உன்னோடுதான் பேசுகிறேன்' என்று ரேடியோவுக்குச் சொல்லும் பின்) க்யூபிலேயே 'ஹார்டுவேர் அவுட்புட்' என்று தேர்ந்தெடுத்தேன், அதனால் அதைத் தனியாக மேலே கீழே (3.3 வோல்ட், 0 வோல்ட்) ஆக்கும் வேலை மிச்சம்.

என் போலி ஹெடரில்தான் தப்பா? இல்லை, இந்த லைப்ரரியே இந்தச் சிப்புக்கு ஒத்துவராதா?

---

அலைநீளம்

தம்பி, லைப்ரரியை இன்றைக்குத் தொட வேண்டாம். அந்த ஃபோல்டரை பில்டிலிருந்து விலக்கி வைத்துவிட்டு, வெறும் ப்ராஜெக்டோடு உட்காருங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது உங்களிடம் ஒரே நேரத்தில் மூன்று புது விஷயங்கள் இருக்கின்றன: புது சிப், நீங்கள் எழுதிய போலி ஹெடர், புது வயரிங். தொடங்கும் செயல்பாடு 'இல்லை' என்று சொன்னால் அது இந்த மூன்றில் எதைப் பற்றிச் சொல்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நானும் இப்படித்தான் ஒரு முறை இரண்டு வாரம் லைப்ரரிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் மாட்யூலின் ரீசெட் பின் மண்ணோடு (கிரவுண்டு, 0 வோல்ட்) ஒட்டியிருந்தது. ஒரு துளி சால்டர். அன்றிலிருந்து எந்த ரேடியோவாக இருந்தாலும், லைப்ரரி உள்ளே வருவதற்கு முன்னால் என் கையால் ஒரு ரிஜிஸ்டரையாவது (சிப்புக்குள் ஓர் எண் இருக்கும் சின்ன இடம்) படித்துவிடுவேன். அது சரியாக வரும்வரை அடுத்த வேலைக்குப் போக மாட்டேன்.

எஸ்எக்ஸ்1276-க்கு அது மிகச் சுலபம். ஹெக்ஸ் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறை) 42 என்ற முகவரியில் பதிப்பு எண் இருக்கிறது. அதைக் கேட்டால் ஹெக்ஸ் 12 என்று வர வேண்டும். வேறு எதுவும் வரக்கூடாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ரீசெட் பின்னை 100 மைக்ரோ வினாடிக்கு மேல் கீழே பிடித்து விடுங்கள், 1 மில்லி வினாடி பிடித்தால் கவலையே இல்லை. விட்டதும் 5 மில்லி வினாடி பொறுங்கள். நான் 10 கொடுப்பேன். அப்புறம் இரண்டு பைட் அனுப்புங்கள்: முதல் பைட் ஹெக்ஸ் 42, இரண்டாவது வெறும் 0. இரண்டாவது பைட் போகும்போது திரும்பி வருவதுதான் பதில். முகவரியின் மேல் பிட் 0 என்றால் படிப்பது, 1 என்றால் எழுதுவது. அதனால் 42-ஐ அப்படியே அனுப்பலாம்.

இதை ஒரு முறை செய்து நிறுத்தாதீர்கள். அரை வினாடிக்கு ஒரு முறை சுழற்சியில் போட்டு, வருகிறதைச் சீரியலில் அச்சிடுங்கள்.

வருகிற எண்ணே பாதி நோயைச் சொல்லிவிடும். எல்லாம் எஃப்எஃப் என்றால் பெரும்பாலும் மிசோ வயர் (ரேடியோவின் பதில் வரும் வயர்) அந்தரத்தில் இருக்கிறது, அல்லது சிப் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றே அறியவில்லை. எல்லாம் 00 என்றால் மின்சாரம் போகவில்லை, ரீசெட் கீழேயே மாட்டிக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் மிசோ மண்ணோடு சேர்ந்திருக்கிறது. 09 அல்லது 24 வந்தால் சந்தோஷப்படுங்கள்: 12 என்ற எண் ஒரு பிட் வலப்பக்கமோ இடப்பக்கமோ நகர்ந்து வந்திருக்கிறது, எஸ்பிஐ மோடு மட்டும் மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் குதித்தால் வேகத்தை 500 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பாருங்கள், வயர் நீளத்தையும் பாருங்கள்.

என்எஸ்எஸ் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. ஆனால் இப்போது சொல்ல மாட்டேன். முதலில் எண்கள் வரட்டும்.

---

தேனரசு

அண்ணா, செய்தேன். லைப்ரரி எதுவும் இல்லாமல், மெயினில் வெறும் பன்னிரண்டு வரி.

சீரியலில் முதல் வரி 12!

ஆனால் அதற்கு அடுத்த வரி 2டி. அதற்கப்புறம் அரை வினாடிக்கு ஒன்றாக என்னென்னவோ எண்கள் வருகின்றன, 12 மறுபடி வரவே இல்லை. போர்டை ரீசெட் செய்தால் மறுபடி முதல் வரி மட்டும் 12, இரண்டாவது வரி மறுபடி 2டி. அச்சு மாறாமல் அதே வரிசை.

வேகத்தை 500 கிலோஹெர்ட்ஸாகக் குறைத்தும் பார்த்தேன். எதுவும் மாறவில்லை. முதல் முறை சரியாக வருவதால் வயரிங் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

அலைநீளம்

வயரிங் சரி. சிப்பும் உயிரோடு இருக்கிறது. இந்த இரண்டு வரிகள் எனக்குப் போதும், அந்த 2டி முழுக்கதையையும் சொல்கிறது.

இந்தச் சிப்பில் என்எஸ்எஸ் கீழே இறங்கும்போதுதான் 'புது உரையாடல் தொடங்குகிறது, முதல் பைட் முகவரி' என்று அது எடுத்துக்கொள்ளும். என்எஸ்எஸ் கீழேயே இருக்கிறவரை அது பழைய உரையாடலின் தொடர்ச்சி. ஒவ்வொரு பைட்டுக்கும் முகவரியைத் தானாக ஒன்று கூட்டிக்கொண்டே போகும். நிறைய ரிஜிஸ்டரை ஒரே மூச்சில் படிப்பதற்காக வைத்த வசதி அது.

இப்போது உங்கள் போர்டில் நடப்பதைப் பாருங்கள். முதல் முறை 42, 0 என்று அனுப்புகிறீர்கள். 42-ல் இருக்கிற 12 வருகிறது. அரை வினாடி கழித்து மறுபடி 42, 0 அனுப்புகிறீர்கள். ஆனால் என்எஸ்எஸ் மேலே ஏறவே இல்லை. அதனால் சிப் அந்த 42-ஐ முகவரியாகப் பார்க்கவில்லை. அது பாட்டுக்கு அடுத்த இரண்டு ரிஜிஸ்டரை, அதாவது 43-ஐயும் 44-ஐயும் கொடுக்கிறது. நீங்கள் அச்சிடுவது இரண்டாவது பைட்டை, அதாவது 44-ஐ. டேட்டாஷீட்டில் ரிஜிஸ்டர் அட்டவணையைத் திறந்து 44-க்கு நேராகப் பாருங்கள். ரீசெட்டுக்குப் பிறகு அதன் மதிப்பு 2டி.

காரணம், 'ஹார்டுவேர் அவுட்புட்' என்று நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த வரி. பெயரைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் தானே இறக்கி ஏற்றும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இந்தக் குடும்பத்துச் சிப்பில் அப்படி இல்லை. எஸ்பிஐ இயக்கத்தில் இருக்கிறவரை என்எஸ்எஸ் கீழேயே இருக்கும், எஸ்பிஐ-யை அணைத்தால்தான் விடும். எச்ஏஎல் (க்யூப் தரும் அடிப்படை நிரல்) செயல்பாடோ ஒவ்வொரு முறை அனுப்பி முடித்த பிறகும் எஸ்பிஐ-யை அணைப்பதில்லை.

உங்கள் லைப்ரரி ஏன் 'இல்லை' என்றது என்பதும் இதிலேயே வந்துவிட்டது. அந்த வகை லைப்ரரிகள் தொடங்கும்போது 'தூங்கு, லோரா நிலைக்குப் போ' என்று ஒரு ரிஜிஸ்டரில் எழுதி, அதையே திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். எழுதியது போய்ச் சேர்ந்திருக்கும். படிக்கும்போது உரையாடல் முடியாததால் வேறு எதுவோ வந்திருக்கும்.

க்யூபில் என்எஸ்எஸ்-ஐ 'மென்பொருள்' என்று மாற்றுங்கள். அந்தப் பின்னைச் சாதாரண அவுட்புட்டாக்கி, தொடக்கத்திலேயே மேலே வையுங்கள். ஒவ்வொரு உரையாடலுக்கும் நீங்களே இறக்கி, அனுப்பி, ஏற்றுங்கள். இறக்குவதும் ஏற்றுவதும் ஒரே செயல்பாட்டுக்குள் இருக்கட்டும், வெளியே எங்கும் அந்தப் பின்னைத் தொடாதீர்கள்.

வரிசையாக நூறு முறை 12 வந்த பிறகு லைப்ரரியைத் திறக்கலாம்.

---

கார்முகில்

என்எஸ்எஸ் விஷயத்தில் அலைநீளம் சொன்னதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. நான் தேனரசுவின் முதல் கேள்விக்கு வருகிறேன்: போலி ஹெடர்.

நீங்கள் கஷ்டப்பட்டு எழுதியது தெரிகிறது, ஆனாலும் அதை விட்டுவிடச் சொல்வேன். இன்றைக்கு ஓடும். ஆறு மாதம் கழித்து லைப்ரரியின் புதுப் பதிப்பு வந்து, அதில் அர்டுயினோவின் இன்னொரு செயல்பாட்டைக் கூப்பிட்டிருந்தால், மறுபடி திரை முழுக்கப் பிழை. அதைவிட மோசம், கம்பைல் ஆகி வேறு மாதிரி நடந்துகொள்வது. அர்டுயினோவின் இடத்தில் நின்று நடிக்கிற ஒரு ஃபைல், அர்டுயினோ செய்யும் எல்லாவற்றையும் செய்கிறது என்று யார் உறுதி சொல்வது?

லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் தேடுவது ஒன்றே ஒன்றுதான். ஹார்டுவேரைத் தொடும் இடங்கள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றனவா, இல்லை ஃபைலுக்கு ஃபைல் இறைந்து கிடக்கின்றனவா? ரேடியோலிப் என்ற லைப்ரரியில் இது நன்றாக இருக்கிறது. அர்டுயினோ இல்லாத இடத்துக்கென்றே ஓர் அடிப்படை வகுப்பு வைத்திருக்கிறார்கள். பின்னை அமைப்பது, எழுதுவது, படிப்பது, இன்டரப்டை இணைப்பது, பிரிப்பது, மில்லி வினாடி, மைக்ரோ வினாடி, காத்திருப்பது, எஸ்பிஐ தொடங்குவது, அனுப்புவது, முடிப்பது. இவ்வளவையும் உங்கள் சிப்புக்கு எழுதிக் கொடுத்தால் போதும், மேலே இருக்கிற ஆயிரக்கணக்கான வரிகளை நீங்கள் திறந்துகூடப் பார்க்க வேண்டாம். எஸ்எக்ஸ்1276 மட்டுமில்லாமல் என்ஆர்எஃப்24, சிசி1101 எல்லாம் அதில் உண்டு. நாளைக்கு மாட்யூல் மாறினாலும் உங்கள் அடித்தளம் மாறாது. உரிமம் எம்ஐடி, அதனால் விற்கிற பொருளுக்குள் போட்டாலும் தொல்லை இல்லை. ஜிபிஎல் உரிமத்தில் வருகிற ரேடியோ லைப்ரரிகளும் இருக்கின்றன, பொருளை விற்கும் எண்ணம் இருந்தால் அதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

இரண்டு இடத்தில் தடுக்கும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

லைப்ரரி சி++. க்யூப் உருவாக்கும் மெயின் ஃபைல் சி. பலரும் மெயின் ஃபைலின் பெயரையே சி++ ஆக மாற்றிவிடுகிறார்கள். அடுத்த முறை க்யூபில் ஒரு பின்னை மாற்றி உருவாக்கினால் அது பழைய பெயரிலேயே இன்னொரு மெயினைப் போட்டுவிடும். மெயினைச் சி-யாகவே விடுங்கள். தனியாக ஒரு சி++ ஃபைல் தொடங்கி, அதில் தொடக்கத்துக்கு ஒன்று, சுழற்சிக்கு ஒன்று என இரண்டே செயல்பாடுகள் வைத்து, இரண்டையும் 'எக்ஸ்டர்ன் சி' என்று அறிவியுங்கள். அந்த அறிவிப்பு இல்லையென்றால் சி++ கம்பைலர் பெயரைத் தன் பாணியில் மாற்றிவிடும், லிங்கர் 'அப்படி ஒரு செயல்பாடே இல்லை' என்று கத்தும். மெயினிலிருந்து அந்த இரண்டையும் கூப்பிடும் வரிகளை 'யூசர் கோட்' குறிகளுக்கு நடுவில் எழுதுங்கள். வெளியே எழுதினால் அடுத்த முறை க்யூப் உருவாக்கும்போது அழிந்துவிடும்.

இன்னொன்று இன்டரப்ட், அதாவது ஒரு பின் மாறியதும் ஓடுகிற வேலையை நிறுத்திவிட்டு வேறொரு செயல்பாட்டுக்குத் தாவுவது. பாக்கெட் வந்ததும் ரேடியோவின் டிஐஓ0 பின் மேலே ஏறும். அந்த இன்டரப்டுக்குள்ளேயே எஸ்பிஐ-யில் பேசி பாக்கெட்டைப் படிக்க ஆசையாக இருக்கும். வேண்டாம். மெயினில் ஓர் எஸ்பிஐ உரையாடல் பாதியில் இருக்கும்போது இன்டரப்ட் வந்தால் இரண்டும் மோதும். எச்ஏஎல் டிலேயை அங்கே போட்டால், சிஸ்டிக்கின் (நேரத்தை எண்ணும் இன்டரப்ட்) முன்னுரிமை குறைவாக இருக்கிறபோது நேரம் நகரவே நகராது, சிப் அங்கேயே நின்றுவிடும். 'வந்தது' என்று ஒரு வாலடைல் மாறியில் குறித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். படிப்பது சுழற்சியின் வேலை.

லைப்ரரியை கிட் சப்மாட்யூலாகச் சேர்த்து, ஒரு குறிப்பிட்ட பதிப்பில் நிறுத்தி வையுங்கள். ஃபோல்டரை நகல் எடுத்துப் போட்டால், எந்தப் பதிப்பு, நீங்கள் எந்த வரியைத் திருத்தினீர்கள் என்பது உங்களுக்கே மறந்துபோகும்.

---

தேனரசு

அண்ணா, அக்கா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

என்எஸ்எஸ்-ஐ மென்பொருளுக்கு மாற்றினேன். 12, 12, 12 என்று திரை நிறைய வந்தது. ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போலி ஹெடரை அழித்துவிட்டு ரேடியோலிப்புக்கு மாறினேன். அடிப்படை வகுப்பை எழுத ஒரு மாலை ஆனது, கிட்டத்தட்ட 90 வரி. தொடங்கும் செயல்பாடு முதல் முறையே 0 என்று திரும்பியது, பிழை இல்லை.

ஆனால் கீழே இருக்கிற உனோ எதையும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் பழைய லைப்ரரிதான் (ரேடியோஹெட்). ஒரு நாள் முழுக்கத் தேடி, ஒன்றை நானே கண்டுபிடித்தேன்: இரண்டு லைப்ரரியின் இயல்பு அமைப்புகளும் வேறு வேறு. ஒன்று ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் (எஸ்எஃப், லோரா சிக்னலை எவ்வளவு விரித்து அனுப்புவது என்ற அமைப்பு) 9-ல் தொடங்குகிறது, மற்றது 7-ல். அதிர்வெண்ணையும் சேர்த்து இரண்டு பக்கமும் எல்லாவற்றையும் கையால் எழுதிக் கொடுத்தேன்: 868.1 மெகாஹெர்ட்ஸ், பேண்ட்விட்த் 125 கிலோஹெர்ட்ஸ், எஸ்எஃப் 7, கோடிங் ரேட் 4/5, சிங்க் வேர்டு ஹெக்ஸ் 12.

அப்போதும் உனோ பக்கம் எதுவும் அச்சாகவில்லை. எல்லாப் பாக்கெட்டையும் ஏற்றுக்கொள் என்ற அமைப்பை உனோவில் போட்டால் பாக்கெட் வருகிறது, ஆனால் முன்னால் நான்கு பைட் காணாமல் போகிறது. சரி என்று நான் அனுப்பும்போதே முன்னால் நான்கு வெற்று பைட் சேர்த்தேன். இப்போது கருவி எண் சரியாக வருகிறது. தண்ணீர் மட்டம் 143 என்று அனுப்பினால் 0 வருகிறது. பேட்டரி 3.91 வோல்ட் என்று அனுப்பினால் 0.00 வருகிறது. இரண்டு பக்கமும் ஒரே ஸ்ட்ரக்சர், ஹெடர் ஃபைலைக்கூட நகல் எடுத்துத்தான் போட்டேன்: ஒரு பைட் எண், ஒரு இன்ட், ஒரு ஃப்ளோட்.

இன்னொன்று, மேசையில் நன்றாக வருகிறது. மாடிக்குக் கொண்டுபோனால் நின்றுவிடுகிறது.

---

கார்முகில்

அந்த நான்கு பைட் ரேடியோஹெட் தன் பாக்கெட்டுக்கு முன்னால் வைக்கிற ஹெடர்: யாருக்கு, யாரிடமிருந்து, வரிசை எண், கொடிகள். நீங்கள் வெற்று பைட் வைத்ததால் 'யாருக்கு' என்ற இடத்தில் 0 இருக்கிறது. உனோ 'எனக்கில்லை' என்று தள்ளிவிடுகிறது. முதல் பைட்டை 255 ஆக்குங்கள், அது எல்லோருக்கும் என்று அர்த்தம். உனோவில் போட்ட அந்தத் தனி அமைப்பை எடுத்துவிடலாம்.

ஸ்ட்ரக்சர் விஷயத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

ஹெடர் ஃபைல் ஒன்றுதான், ஆனால் இரண்டு கம்பைலர்கள் அதை இரண்டு விதமாக வாசிக்கின்றன. உனோவில் இன்ட் என்றால் 2 பைட். உங்கள் எஸ்டிஎம்-மில் 4 பைட். அதோடு எஸ்டிஎம் பக்கம் 4 பைட் எண்ணை 4-ஆல் வகுபடும் முகவரியில்தான் வைக்கும். அதற்காக நடுவில் வெற்று இடம் விடும். ஆக, உனோவில் உங்கள் ஸ்ட்ரக்சர் 1, 2, 4 என்று கூட்டி 7 பைட். எஸ்டிஎம்-மில் 1, வெற்றிடம் 3, அப்புறம் 4, 4 என்று 12 பைட். இரண்டு பக்கமும் சைஸ்ஆஃப் போட்டு அச்சிட்டுப் பாருங்கள்.

143 என்பது ஹெக்ஸ் 8எஃப். எஸ்டிஎம் அனுப்பும் பைட்டுகள்: எண், 00, 00, 00, 8எஃப், 00, 00, 00, அதற்குப் பிறகு வோல்ட்டின் நான்கு. உனோ எண்ணை எடுத்துவிட்டு, அடுத்த இரண்டு பைட்டை மட்டம் என்று எடுக்கிறது: 00, 00. அதுதான் உங்கள் 0. அதற்கடுத்த நான்கை வோல்ட் என்று எடுக்கிறது: 00, 8எஃப், 00, 00. ஃப்ளோட்டாக வாசித்தால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன எண், அச்சில் 0.00. உங்கள் 143 பத்திரமாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது, வோல்ட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

ஸ்ட்ரக்சரை 'பேக்டு' என்று அறிவித்தால் வெற்றிடம் போய்விடும் என்று சொல்வார்கள். போகும். ஆனால் உங்கள் சிப் கார்டெக்ஸ் எம்0 பிளஸ். அந்தச் சிப்பில் 4 பைட் எண்ணை அதற்குப் பொருந்தாத முகவரியிலிருந்து பாயின்டர் வழியாகப் படித்தால் நேராக ஹார்டு ஃபால்ட். கார்டெக்ஸ் எம்3 இதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது. அதனால் காற்றில் போகிற எதற்கும் நான் ஸ்ட்ரக்சரை நம்புவதில்லை. பைட் பைட்டாக நானே அடுக்குவேன்.

உங்களுக்கு ஃப்ளோட்டே தேவையில்லை. 3.91 வோல்ட்டை 3910 மில்லி வோல்ட் என்று 16 பிட் எண்ணாக அனுப்புங்கள். மட்டமும் 16 பிட். எண் ஒரு பைட். கீழ் பைட் முதலில், மேல் பைட் அடுத்து என்று வரிசையை ஒரு குறிப்பில் எழுதி வையுங்கள். அந்தப் பக்கம் 8 பிட் நகர்த்திச் சேர்த்துக்கொள்ளட்டும். 12 பைட் போன இடத்தில் 5 பைட் போகும், காற்றில் இருக்கிற நேரமும் குறையும்.

---

வெண்பா

மாடியில் நின்றுபோவதற்கு ஆண்டெனாவைப் பாருங்கள். முதல் பதிவில் 17 செ.மீ. என்று எழுதியிருந்தீர்கள், அப்போதே கண்ணில் பட்டது.

17.3 செ.மீ. என்பது 433 மெகாஹெர்ட்ஸுக்கான கால் அலை. உங்களுடையது 868. அதற்குக் கால் அலை 8.6 செ.மீ. உங்கள் கம்பி இப்போது கிட்டத்தட்ட அரை அலை நீளம், முனையில் மாட்டினால் மாட்யூலோடு கொஞ்சமும் பொருந்தாது. மேசையில் இரண்டு மாட்யூலும் ஒரு முழம் தள்ளி இருந்தால் எந்தக் கம்பியிலும் வரும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 8.6-க்கு வெட்டி நேராக நிறுத்துங்கள். கம்பி இல்லாமல் மட்டும் அனுப்பிப் பார்க்காதீர்கள்.

அனுப்பும் சக்தியை அமைக்கிற இடத்தில் ஆர்எஃப்ஓ என்ற தேர்வைத் தொட்டீர்களா? இந்த மாட்யூலில் ஆண்டெனாவுக்கு இணைத்திருப்பது பிஏ பூஸ்ட் பின் மட்டும்தான். ஆர்எஃப்ஓ-வுக்கு மாற்றினால் சக்தி வெளியே வரவே வழியில்லை. ரேடியோலிப் இயல்பாகவே பூஸ்ட்டில்தான் இருக்கும், தொடாவிட்டால் கவலை வேண்டாம்.

அனுப்பும் சக்தியை 20 டிபிஎம் என்று வைத்தால் அனுப்பும் நொடியில் 120 மில்லி ஆம்பியர் இழுக்கும். மாட்யூலின் மின் பின்னை ஒட்டி ஒரு கெபாசிட்டராவது இருக்கட்டும். பட்டன் செல்லில் இதை ஓட்ட முடியாது.

---

தேனரசு

வெட்டினேன், வெண்பா. மாடியிலிருந்து வருகிறது. தொட்டி மூடியை மூடிய பிறகும் வருகிறது.

அக்கா, சைஸ்ஆஃப் நீங்கள் சொன்னபடியே 7, 12. ஸ்ட்ரக்சரை எடுத்துவிட்டேன். 143, 3910, இரண்டும் அப்படியே வருகின்றன. முதல் பைட் 255 ஆக்கியதும் உனோவும் தானாக ஏற்றுக்கொண்டது.

கடைசியாக ஒன்று. சிப்பை ஸ்டாப் (ஆழ்ந்த தூக்க) நிலைக்கு அனுப்பிவிட்டு மீட்டர் வைத்தேன். சில மைக்ரோ ஆம்பியர் எதிர்பார்த்தேன், 1.6 மில்லி ஆம்பியர் காட்டுகிறது. என் பேட்டரி 2400 மில்லி ஆம்பியர் மணி. கணக்குப் போட்டால் இரண்டு மாதம்தான். எல்லாப் பின்னையும் அனலாக் ஆக்கிப் பார்த்தேன், பயனில்லை.

---

அலைநீளம்

1.6 என்ற எண் எஸ்எக்ஸ்1276 டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது தம்பி. ஸ்டாண்ட்பை நிலையில் அது இழுப்பது அவ்வளவு. நீங்கள் மைக்ரோகன்ட்ரோலரைத் தூங்க வைத்தீர்கள், ரேடியோவிடம் சொல்லவில்லை. அனுப்பி முடித்ததும் அது தானாக ஸ்டாண்ட்பைக்குத்தான் வரும். ஸ்டாப்புக்குப் போவதற்கு முன் ரேடியோவின் ஸ்லீப் செயல்பாட்டைக் கூப்பிடுங்கள், அது 0.2 மைக்ரோ ஆம்பியருக்கு இறங்கிவிடும். எழுந்ததும் மறுபடி முழுசாகத் தொடங்க வேண்டாம். ஸ்லீப்பில் ரிஜிஸ்டர்கள் மறப்பதில்லை, எஃப்ஐஎஃப்ஓ-வில் (ரேடியோ பாக்கெட்டை வைத்திருக்கும் இடம்) இருக்கிற பாக்கெட் மட்டும்தான் போகும்.

எல்லாப் பின்னையும் அனலாக் ஆக்கினேன் என்றீர்கள், அதில் என்எஸ்எஸ்-ஐ விட்டுவிடுங்கள். அது அந்தரத்தில் மிதந்தால் சிப் தன்னைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொள்ளலாம். அவுட்புட்டாகவே மேலே பிடித்து வையுங்கள். போர்டு எழும்பும் முதல் சில மில்லி வினாடிகளுக்காக அதிலிருந்து 3.3-க்கு ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போட்டுவிடுங்கள். ரீசெட் பின்னையும் கீழே இழுத்துப் பிடிக்காதீர்கள், விட்டுவிடுங்கள்.

---

தேனரசு

ஸ்லீப் சேர்த்தேன், என்எஸ்எஸ் மேலே இருக்கிறது, 100 கிலோ ஓமும் போட்டாயிற்று. மீட்டரில் மில்லி ஆம்பியர் அளவில் எதுவும் தெரியவில்லை. மைக்ரோ அளவுக்கு மாற்றி வைத்துப் பார்த்தால் ஒற்றை இலக்கம். கருவியை மாடியில் பூட்டிவிட்டு வந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உனோவில் ஒரு வரி வருகிறது.